அடுப்புக்கு இரண்டரைக் கிலோ, வயலுக்கு மீதி எல்லாம்

கோபர் கேஸ், அதாவது சாண எரிவாயுக் கலன், போடலாமா என்று கேட்டு எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர்கள், எவ்வளவு கேஸ் கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் வேறொரு கணக்கில் தொடங்குவேன். நாளைக்கு 2 கன மீட்டர் வாயு தருகிற கலனுக்கு ஒரு நாளைக்கு 50 கிலோ சாணி, 50 லிட்டர் தண்ணீர் வேண்டும். மொத்தம் 100 கிலோ உள்ளே போகிறது. அதிலிருந்து கிடைக்கிற 2 கன மீட்டர் வாயுவை எடை போட முடிந்தால் இரண்டரைக் கிலோவைத் தாண்டாது. மீதி 97 கிலோவுக்கு மேல் கரைசலாக மறுபக்கம் வந்துவிடும். அடைமழை பெய்தாலும் வரும், வீட்டில் கல்யாணம் என்றாலும் வரும். வருடம் முழுக்கச் சேர்த்தால் 35 டன்.

அந்த 97 கிலோ எங்கே போகப் போகிறது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுக் கட்டிய கலன்கள்தான் எங்கள் பக்கத்தில் இன்றும் ஓடுகின்றன. அடுப்பை மட்டும் நினைத்துக் கட்டியவை நின்றுவிட்டன.

எங்களுடையது கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனம். மஞ்சள், வாழை, கொஞ்சம் தென்னை, நான்கைந்து கலப்பின மாடுகள், காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால். சாண எரிவாயுவுக்கான தேசியத் திட்டத்தை மத்திய அரசு 1981-82இல் தொடங்கியது. அதற்குப் பிறகு எங்கள் சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருந்த பண்ணையங்கள் பலவற்றில் கலன் வந்தது. பெரும்பாலும் இரும்பு டிரம் மிதக்கிற மாடல், காதி கிராமத் தொழில்கள் ஆணையம் பரப்பியது. டிரம் மேலே ஏறினால் கேஸ் இருக்கிறது, இறங்கினால் தீர்ந்தது என்று எட்ட நின்று பார்த்தாலே தெரியும். அழுத்தமும் ஒரே சீராக இருக்கும். ஆனால் இரும்பு, சாணக் கரைசலில் நாளெல்லாம் நிற்கிற பொருள். வருடா வருடம் சுரண்டிப் பெயின்ட் அடிக்காவிட்டால் துரு ஓட்டை போட்டுவிடும். பிறகு 2007இல் தமிழ்நாடு அரசு இலவசமாக கேஸ் அடுப்பும் இணைப்பும் கொடுக்கத் தொடங்கியது. சிலிண்டர் வாசலுக்கே வருகிறபோது டிரம்முக்கு யார் பெயின்ட் அடிப்பார்கள்? எங்கள் ஊரில் பழைய தொட்டிகள் சில தேங்காய் மட்டை போடும் குழிகளாகக் கிடக்கின்றன.

அதே காலத்தில் கட்டி, டிரம்மை மட்டும் மாற்றிக்கொண்டு இன்னும் ஓட்டுகிற வீடும் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு மாமா முறை. சிலிண்டர் வந்த பிறகும் ஏன் விடவில்லை என்று கேட்டேன். "கேஸு நின்னா நின்னுட்டுப் போகுது கண்ணு, வாழைக்கு என்னத்தைக் கொண்டுபோய் ஊத்தறது?" என்றார். அவருடைய கலனின் வெளித்தொட்டியிலிருந்து நேராக வாழைத் தோப்புக்கு வாய்க்கால் வெட்டியிருந்தது. எங்கள் கலனுக்கு இடம் பார்த்தபோது நாங்கள் பின்பற்றியது அந்த வாய்க்காலைத்தான்.

நாங்கள் கட்டியது தீனபந்து மாடல். 1984இல் வந்த வடிவமைப்பு. செங்கல்லில் கவிழ்த்த குவிமாடமாக மண்ணுக்குள்ளேயே இருக்கும், இரும்பே கிடையாது. கேஸ் சேரச் சேர உள்ளே இருக்கும் கரைசலை அழுத்தி வெளித்தொட்டிக்கு ஏற்றும். அடுப்பு எரிய எரிய அது திரும்ப உள்ளே இறங்கும். விடியற்காலையில் வெளித்தொட்டி மூடியை நகர்த்திப் பார்த்தால், கரைசல் எந்த வரிசைச் செங்கல் வரை ஏறியிருக்கிறதோ அதை வைத்து இன்றைக்குச் சோறு, குழம்பு இரண்டுக்கும் தாங்குமா என்று சொல்லிவிடலாம். என் மாமியார் பார்க்காமலேயே சொல்வார், முந்தின நாள் எத்தனை கூடை சாணி போட்டோம் என்பதை வைத்து.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கட்டிய பிறகு மாற்ற முடியாதது அது ஒன்றுதான். கட்டுத்தறித் தரை உயரமாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே கரைக்கிற தொட்டி. அதற்கும் கீழே வெளித்தொட்டியின் வாய். அதற்கும் கீழே வயலுக்குப் போகும் வாய்க்கால். இந்த நான்கும் ஒன்றுக்கொன்று இறக்கமாக இருந்தால், சாணியும் மூத்திரமும் தாமாகவே நடந்துபோகும். ஓரிடத்தில் மட்டம் தவறினாலும் அங்கே ஒரு ஆள் வாளியோடு நிற்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணாகத்தான் இருப்பாள். எங்கள் கொத்தனார் தண்ணீர் டியூப் பிடித்துக் கட்டுத்தறியிலிருந்து வாழை வரப்பு வரை மட்டம் பார்த்தார். சமையலறைக்குப் பக்கத்தில் வெயில் விழும் அருமையான இடம் ஒன்று இருந்தது. கேஸ் குழாய் செலவும் பாதியாகியிருக்கும். ஆனால் அங்கிருந்து கரைசல் வயலுக்கு ஏறாது. குழாய் நீளமானாலும் பரவாயில்லை என்று தள்ளிக் கட்டினோம். கேஸ் தானாகவே மேட்டில் ஏறிப் போகும், கரைசலை மேட்டில் ஏற்றுவதற்குத்தான் மனித முதுகு வேண்டும்.

இதோடு இன்னும் சில விஷயம் பார்க்க வேண்டும். குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். வேம்பு, புளி மாதிரி வேர் ஓடும் மரம் பக்கத்தில் இருந்தால் பிற்காலத்தில் குவிமாடத்தில் கீறல் விழும். நாள் முழுக்க நிழல் விழுகிற இடமும் ஆகாது, சூடு குறைந்தால் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். எங்கள் பக்கத்து வெப்பத்தில் போட்ட சாணி 30 முதல் 40 நாளில் செரித்து வெளியே வந்துவிடுகிறது. மார்கழி, தையில் கேஸ் குறைவதை நாங்களே பார்க்கிறோம். அந்த மாதங்களில் பனிக்காலைத் தண்ணீரை ஊற்றாமல், வெயிலில் வைத்த தண்ணீரில் பதினோரு மணிக்கு மேல் கரைக்கிறோம்.

கட்டுகிற ஆளைப் பொறுத்தே தீனபந்து நிற்கும். வீடு நன்றாகக் கட்டுகிற கொத்தனார் எல்லோராலும் கேஸ் ஒழுகாத குவிமாடம் கட்ட முடியாது. உள்பக்கம் பல கோட்டு பூச்சு வேண்டும். ஒவ்வொன்றையும் நன்றாகத் தண்ணீர் விட்டு ஆற வைக்க வேண்டும். ஏற்கெனவே அவர் கட்டி, சில வருடமாக ஓடுகிற ஒரு கலனை நேரில் போய்ப் பார்த்துவிட்டு ஆளைப் பேசுங்கள். அந்த வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். சொல்லிவிடுவார்கள்.

மானியம் மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையிலிருந்து வருகிறது. தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தில் 2022இல் அறிவித்த தொகை, கலனின் அளவையும் பயனாளியின் பிரிவையும் பொறுத்து 9,800 ரூபாயிலிருந்து 70,400 ரூபாய் வரை இருந்தது. முன்கூட்டியே விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகே குழி தோண்டுங்கள். மானியத்துக்கு ஆசைப்பட்டு அளவைக் கூட்ட வேண்டாம். ஒரு கிலோ சாணிக்குச் சுமார் 40 லிட்டர் கேஸ் என்று வைத்துக்கொண்டு, உங்கள் மாடுகள் கட்டுத்தறியில் போடும் சாணியைச் சில நாள் கூடையில் நிறுத்துப் பாருங்கள். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணியில் பாதி காட்டிலேயே விழுந்துவிடும், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 50 கிலோ தேறாத வீட்டில் 2 கன மீட்டர் கட்டினால் என்றைக்கும் அரைவயிறாகவே கிடக்கும்.

தொடங்கும்போது முதல் நிரப்புக்கு நிறையச் சாணி வேண்டும். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி, ஏற்கெனவே ஓடுகிற கலனிலிருந்து சில குடம் கரைசலும் கொண்டுவந்து சேர்த்தால் சீக்கிரம் வேலை செய்யத் தொடங்கும். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி. முதலில் வருகிற வாயு எரியாது, அதில் கரியமில வாயுதான் அதிகம். குவிமாடத்தில் தங்கியிருந்த காற்றும் கலந்திருக்கும். அதனால் முதலில் சேர்ந்த வாயுவை முழுக்க வெளியே விட்டுவிட வேண்டும். எரிகிறதா என்று பார்க்கக் கலன் பக்கத்தில் குழாய் முனையில் தீக்குச்சி உரசவே கூடாது. எப்போது பார்த்தாலும் அடுப்பில்தான் பார்க்க வேண்டும்.

சிலிண்டர் அடுப்பில் இந்தக் கேஸ் சரியாக எரியாது. அழுத்தம் குறைவு, மீத்தேனும் 55, 60 சதவீதம்தான். துளை பெரிதாக இருக்கிற, கோபர் கேஸுக்கென்றே செய்த அடுப்பு வாங்க வேண்டும். நல்ல கேஸ் நீலமாக, சத்தமில்லாமல் எரியும், பாத்திரத்தில் கரி பிடிக்காது. சுவாலை திக்கித் திக்கி எரிந்தால் குழாய்த் தாழ்வில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வாயுவோடு ஈரமும் வருகிறது, ராத்திரி குளிரில் குழாய்க்குள் தண்ணீராகிவிடுகிறது. அதனால் குழாயை ஒரு பக்கமாகச் சரித்துப் போட்டு, தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு வைக்கச் சொல்லுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எங்கோ கசிகிறது. சோப்பு நுரையை இணைப்பு இணைப்பாகத் தடவிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். கசிவை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வீட்டுக்கு ஆபத்து என்பது ஒன்று. எரியாமல் வெளியே போகிற மீத்தேன் கரியமில வாயுவைவிட 20 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும் என்பது இன்னொன்று.

2 கன மீட்டர் கேஸில் ஒற்றை அடுப்பு நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட எரியும். எங்கள் வீட்டில் காலைச் சமையலும் மாட்டுக்குத் தீவனம் காய்ச்சுவதும் இதில்தான். விருந்தாள் வந்தால் சிலிண்டர். 2 கன மீட்டர் என்பது கணக்குப்படி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த சிலிண்டர் கேஸுக்குச் சமம். நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே எதிர்பாருங்கள். சிலிண்டரை விட்டுவிடலாம் என்று யாருக்கும் நான் சொல்வதில்லை. ஒரு மாதம் வந்த சிலிண்டர் இப்போது இரண்டு மாதம் வருகிறது, அதுவே பெரிய மிச்சம்.

கரைப்பதில் கவனம் வேண்டும். தோசை மாவு பதம் என்பார்கள், சரியான பதம் அதுதான். என் மாமியார் கையாலேயே கலக்கி, சோளத்தட்டுத் துணுக்கு, கல், மணல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் அடைப்பைத் திறப்பார். "உள்ள போன கல்லு திரும்பி வராது சாமி" என்பார். மணல் அடியில் தங்கிக் கலனின் வயிற்றைக் குறைக்கும், தட்டு மேலே மிதந்து ஏடாகக் கட்டிக்கொண்டு வாயுவை மறிக்கும். இப்போது கரைக்கிற தொட்டியில் கைப்பிடி வைத்த சுற்றும் கலக்கி ஒன்று பொருத்தியிருக்கிறோம். அதைச் சுற்றுவது என் வீட்டுக்காரர் வேலை. வீட்டில் இந்த வேலை யாருடையது என்று கட்டுவதற்கு முன்னாலேயே பேசிவிடுவது நல்லது. பேசாமல் விட்டால் ஏற்கெனவே பால் கறந்து, கட்டுத்தறி கூட்டி, சமைக்கிறவள் தலையிலேயே இதுவும் விழும். அவளுக்கு முடியாத நாளில் கலனும் பட்டினி கிடக்கும்.

கட்டுத்தறி கழுவிய ஃபினாயில் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதுவும் கலனுக்குள் போகக் கூடாது. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் சாணியைச் சில நாள் தனியாகக் குப்பைக்குழிக்குத் தள்ளிவிடுகிறோம். மாட்டைக் குணமாக்குகிற மருந்து கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிரையும் கொல்லும்.

இனி அந்த 97 கிலோ. கேஸாகப் போனது பெரும்பாலும் கார்பனும் அதோடு ஒட்டியதும்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து அநேகமாக அப்படியே கரைசலில் இருக்கின்றன. அதிலும் தழைச்சத்தில் ஒரு பங்கு அம்மோனிய வடிவத்துக்கு மாறிவிடுவதால் பயிர் உடனே எடுத்துக்கொள்ளும். இதே காரணத்தால் அதை வெயிலில் காய வைத்தால் அந்தப் பங்கு காற்றோடு போய்விடும். கரைசலைப் பரப்பிக் காயவைத்து மூட்டை கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பாசனத் தண்ணீரோடு ஈரமாகவே விடுங்கள். எங்கள் வாழைக்கு அப்படித்தான் போகிறது. வாய்க்கால் முறைத் தண்ணீர் வரும் நாட்களில் மடையில் கலந்துவிடுகிறோம். சொட்டுநீர்க் குழாயில் விடுவதென்றால் நன்றாக வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

தண்ணீர் கட்டாத நாட்களில் வருகிற கரைசலுக்கு இரண்டு குழி வைத்திருக்கிறோம். கரும்புத் தோகை, வாழைச் சருகு, வெட்டிய மஞ்சள் இலை எதுவானாலும் ஒரு அடுக்கு, மேலே கரைசல், மறுபடி ஒரு அடுக்கு. ஒரு குழி நிரம்பினதும் மண்ணால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போவோம். தோட்டத்தில் தீ வைத்துக் கொளுத்துகிற பழக்கம் இதனாலேயே எங்களிடம் நின்றது. கொளுத்தினால் குழிக்குப் போட ஒன்றும் இருக்காது. திறந்த குட்டையாகக் கரைசலைத் தேங்கவிட்டால் கொசு பெருகும். நிழலும் சருகு மூடாக்கும் இருந்தால் அந்தத் தொல்லை கிடையாது.

மஞ்சளில் கண்ட பெரிய வித்தியாசம் களை. பச்சைச் சாணிக் குப்பை அடித்த காலத்தில் அதோடு வந்த விதை முளைத்துக் களையெடுப்புக் கூலியிலேயே காசு போகும். கலனுக்குள் அத்தனை நாள் காற்றில்லாமல் கிடந்து வருவதில் பல விதைகள் முளைப்பை இழந்துவிடுகின்றன. தென்னைக்கு இன்னொரு லாபம். காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும் முக்கிய இடம் சாணிக் குப்பைமேடு. தினசரிச் சாணி கலனுக்குப் போய்விட்டால் கட்டுத்தறிக்குப் பின்னால் அந்த மேடே இருக்காது. முன்பு எரு வாரும்போது மண்வெட்டியில் வெள்ளை வெள்ளையாகப் புழு உருளும், இப்போது நாலைந்துகூடக் கண்ணில் படுவதில்லை.

மக்கிய எருவை நாங்கள் வெறுமனே போடுவதில்லை. வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கிற அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரப் பாக்கெட்டுகளை அதில் கலந்து போடுகிறோம். வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற பொது அளவு, ஹெக்டேருக்கு ஒவ்வொன்றிலும் 2 கிலோ, 25 கிலோ தொழுவுரம், 25 கிலோ மண்ணோடு கலந்து தூவுவது. நாங்கள் அந்த 25 கிலோ தொழுவுரத்துக்குப் பதில் எங்கள் குழி எருவை எடுக்கிறோம். நிழலில் கலந்து, ஈரம் காயாமல் வைத்து, மாலை வெயில் தாழ்ந்ததும் போட்டுத் தண்ணீர் கட்டுவோம். பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். உள்ளே இருப்பது உயிர். கடை வெயிலில் கிடந்திருந்தால் வெறும் பொடிதான் மிஞ்சும். ரசாயன உரத்தோடும் பூஞ்சைக்கொல்லியோடும் ஒரே நாளில் கலந்து போடாதீர்கள். உளுந்து, தட்டைப்பயறு போட்டால் அசோஸ்பைரில்லத்துக்குப் பதில் ரைசோபியம் கேட்டு வாங்க வேண்டும். கிழங்கு அழுகல் வருகிற மஞ்சள் வயலுக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை இதே எருவில் பெருக்கிப் போடலாம்.

ரசாயன உரத்தை நாங்கள் முழுக்க விட்டுவிடவில்லை. மஞ்சள் பசி அதிகமுள்ள பயிர். ஆனால் அடியுரமாக வாங்குகிற மூட்டை குறைந்துவிட்டது, வாழைக்கு யூரியா வாங்குவதே அரிதாகிவிட்டது.

சாணி இல்லாதவர்கள் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டத்தினர் சமையலறைக் கழிவில் ஓடும் சக்தி சுரபி என்ற கலனைப் பரப்பி வருகிறார்கள். சேலம், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்துத் தங்கள் ஆலைக்கே பயன்படுத்துகின்றன. ஒரே மாடு வைத்திருக்கும் வீட்டில் தனிக் கலன் சரிப்படாது. அந்தச் சாணியை மண்புழு உரமாக்கினால் அதிகப் பயன். அடுத்த வருடம் மாட்டை விற்கப் போகிறவர்களும் கட்ட வேண்டாம்.

கடைசியாக, கலனைத் தூர்வாருவது பற்றி. பல வருடம் ஓடினால் அடியில் மண்டி சேரும். சுத்தம் செய்ய வேண்டிய நாள் வரத்தான் செய்யும். வெளித்தொட்டி வழியாகப் பம்பு வைத்து, நீண்ட கழியால் கலக்கிக் கலக்கி வெளியிலிருந்தே இறைத்துவிடுங்கள். காலியாகத் தெரிகிறது, நாற்றமும் இல்லை என்று யாரையும் உள்ளே இறக்காதீர்கள். உள்ளே மூச்சுக்கு ஆக்ஸிஜன் இருக்காது, கிளறினால் மண்டியிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், செறிவு கூடினால் அது மூக்கின் மோப்பத்தையே மரத்துப்போக வைக்கும். மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவார். இறங்கியே ஆக வேண்டிய பழுது என்றால் சுவாசக் கருவியும் பயிற்சியும் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள், அவர்கள் வரும் வரை கலன் சும்மா கிடக்கட்டும். வெளித்தொட்டிக்குக் கனமான மூடி போட்டு, குழந்தையும் கன்றுக்குட்டியும் நகர்த்த முடியாதபடி வைத்திருங்கள். எங்கள் மூடியை இரண்டு பேர் சேர்ந்தால்தான் முழுக்கத் திறக்க முடியும். காலையில் ஒரு ஆள் நகர்த்திப் பார்க்கிற அளவுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு சிறு பலகை விட்டிருக்கிறோம்.